மேயர் குடியிருந்த குவியல்

குர்ராபின் ஊருக்குள் நுழையும் சாலையில் ஒரு பலகை நிற்கிறது. அரை வட்டப் பலகை. பச்சையில் ஆரம்பித்து, மஞ்சள், செம்மஞ்சள் என்று போய்க் கருஞ்சிவப்பில் முடியும். நடுவில் ஓர் அம்பு. இன்றைக்குத் தீ பற்றினால் ஊர் என்ன கதியாகும் என்பதை அந்த அம்பு சொல்லும். அம்பு தானாகச் சொல்லாது. தீக்காலம் முழுக்க, தினமும் காலையில் யாராவது போய் அதைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த யாராவது, டெஸ் ட்ரெவார்த்தா.

டெஸ் அதை வேலையாக நினைக்கவில்லை. பதவியாக நினைத்தார். தீயணைப்புத் தொண்டர் படையின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார். அம்பைத் திருப்பியதும் நாலடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார், படம் மாட்டியவர் பார்ப்பதுபோல.

குளிர்காலம் பிறந்துவிட்டால் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். "குப்பை செத்தையெல்லாம் குளிர்காலத்துலயே கொளுத்திருங்க. கடைசி நாள் வரைக்கும் வெச்சிருக்காதீங்க. சுத்திலும் புல்லைச் செதுக்குங்க. பத்த வெக்கிறதுக்கு முன்னாடி உள்ள பாருங்க. அணையற வரைக்கும் எடத்தை விட்டு நகராதீங்க. புறங்கையை வெச்சுப் பாருங்க. சுட்டா, அது இன்னும் அணையலன்னு அர்த்தம்."

ஊருக்கே இது மனப்பாடம். அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்போதே தபால் நிலையத்து அம்மாள் ஜன்னல் வழியாக ஒப்பித்துவிடுவார். "செதுக்கியாச்சு டெஸ். உள்ள பாத்தாச்சு டெஸ். நகரல டெஸ்."

இப்படிப்பட்ட டெஸ்ஸின் வீட்டுப் பின்புறத்தில், அக்டோபர் மாதம் முடியப்போகிற நேரத்தில், ஒரு குவியல் கொளுத்தப்படாமல் கிடந்தது.

ஜூன் மாதம், அந்த ஊரில் குளிர்காலம் தொடங்கும்போது, அது வெறும் திராட்சைக்கொடிக் கழிவுதான். "காஞ்சதும் கொளுத்திடறேன்" என்றார் டெஸ். ஜூலையில் காற்றுக்கு விழுந்த யூகலிப்டஸ் கிளைகள் சேர்ந்தன. அப்போது சனிக்கிழமைதோறும் கால்பந்து. ஆகஸ்டில் உளுத்துப்போன வேலிக்கம்பங்கள் சேர்ந்தன. அப்போது முதுகுவலி. செப்டம்பரில் குவியல் டெஸ்ஸின் தலையைத் தாண்டியது. கால்பந்தும் முடிந்துவிட்டது, முதுகும் பரவாயில்லை. இனி என்ன சாக்குச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் மேயர் குடிவந்தார்.

மேயர் ஓர் அரணை. முழங்கை நீளம். சீசாவைப் போலத் தடித்த உடம்பு. அதற்குச் சற்றும் பொருந்தாத குட்டைக் கால்கள். வாயைத் திறந்தால் மையில் தோய்த்த மாதிரி நீல நாக்கு. வயிறு தரையில் தேய, அவசரமே இல்லாமல், இருபுறமும் பார்த்துக்கொண்டு நடந்து வரும். அந்த நடையைப் பார்த்துத்தான் டெஸ்ஸின் மனைவி ரேலீன் அதற்கு மேயர் என்று பெயர் வைத்தார். மேயருக்கு முன் இடது காலில் ஒரு விரல் இல்லை. எந்தத் தேர்தலில் போனதோ.

மகள் பெர்த் நகரத்துக்குக் குடிபோய்விட்ட பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. டெஸ் பேசாதவர் அல்ல. ஆனால் அவர் தீயைப் பற்றி மட்டுமே பேசுவார். ரேலீனுக்கு உலகத்தில் மற்ற விஷயங்களும் இருந்தன. காலையில் பின்படியில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரிப் பழத்தை நறுக்கி, ஒரு நீலத் தட்டில் போட்டு, குவியலுக்குப் பக்கத்தில் வைப்பார். மேயர் இறங்கி வந்து வெயில் காய்ந்தபடி சாப்பிடுவார். மகளின் புது வேலை, கறி விற்கிற விலை, தங்கையின் வாய், டெஸ்ஸின் காது, எல்லாம் மேயரிடம் சொல்லப்படும். மேயர் நாக்கை நீட்டுவார். அது ஆமோதிப்பு என்பது ரேலீனின் கட்சி.

டெஸ்ஸுக்குக் காலையில் டின்னில் அடைத்த பீச் பழம்.

"எனக்கு ஸ்ட்ராபெரி கெடையாதா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"மேயர் நான் பேசறப்ப குறுக்க பேசமாட்டார்" என்றார் ரேலீன்.

நவம்பர் முதல் தேதி தீக்காலம் ஆரம்பம். அதன் பிறகு பின்புறத்தில் குவியலைக் கொளுத்த வேண்டுமென்றால் கவுன்சில் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் 'குளிர்காலத்தில் கொளுத்துங்கள்' என்று உபதேசித்துவிட்டு, அதே டெஸ் போய் அனுமதிக்கு வரிசையில் நிற்பதா? தபால் நிலையத்து அம்மாள் பார்த்தால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோதுமைக்காரர் நெவில் ஸ்கோபி தினமும் ஒரு கேள்வி கேட்டார்.

"டெஸ், உன் குவியலுக்கு இந்த வருஷம் ஓட்டுரிமை வந்துருமா?"

டெஸ் ஒரு முடிவுக்கு வந்தார். அக்டோபர் கடைசி நாள் ரேலீன் தன் தங்கை வீட்டுக்குப் போகிறார். போய்த் திரும்பச் சாயங்காலம் ஆகும். அதற்குள் குவியலும் இருக்காது, அவமானமும் இருக்காது.

முதல்நாள் சாயங்காலச் சாப்பாட்டின்போது பேச்சை மெல்ல எடுத்தார்.

"நாளைக்கு நீ தங்கச்சி வீட்டுக்குப் போறதானே?"

"போறேன். கர்ட்டன் தெச்சு வெச்சிருக்கேன், குடுக்கணும். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"குவியல்ல கைய வெக்காத, டெஸ்."

"நான் ஏன் வெக்கப்போறேன்?"

"மேயர் உள்ள இருக்கார். அடுத்த வாரம் கல்லு அடுக்கி அவருக்கு வேற எடம் பண்ணிக் குடுக்கறேன். அப்பறமா அனுமதி வாங்கி நிதானமா எரிச்சுக்கலாம்."

"அனுமதியா? நானா?"

"எல்லாரும் வாங்கறதுதான்."

"சரி சரி. நெருப்பு வெக்கமாட்டேன். வெக்கமாட்டேன்னு சொல்றேன்ல. வெக்கவே மாட்டேன்."

ரேலீன் உருளைக்கிழங்கை மென்றபடி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, கண்ணு" என்றார்.

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண நாளில் ரேலீன் அவரை டெஸ் என்பார். கோபம் வந்தால் முழுப்பெயர், டெஸ்மண்ட். 'கண்ணு' என்று சொல்லிவிட்டால் அம்பு கருஞ்சிவப்பில் போய் நிற்கிறது என்று பொருள். ஊரின் அம்பைத் திருப்புகிறவருக்கு, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், இந்த அம்பைப் பார்க்கத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து ரேலீன் வேலியோரம் போய் நெவிலோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்கு முன் நெவில் டிராக்டரை எடுத்துவந்து, வேலிக்கு அந்தப் பக்கம், கோதுமைக்கு முன்னால், ஓர் அகலமான பட்டை உழுதுவிட்டார். தீ தாண்டாமல் இருக்க அறுவடைக்கு முன் எல்லாரும் செய்வதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்த டெஸ்ஸுக்குத் திருப்தியாக இருந்தது. நாம் சொல்வதை ஒரு மனுஷனாவது கேட்கிறானே.

மறுநாள் காலை, ரேலீன் கிளம்பும்போது வாசலில் ஒரு துணிக்கூடை இருந்தது. மேலே துண்டு போட்டு நான்கு பக்கமும் கட்டியிருந்தது.

"டெஸ், இதைக் கொஞ்சம் கார்ல வையேன். எனக்குக் கை ஒழியல."

டெஸ் தூக்கினார். "என்ன இவ்வளவு கனமா இருக்கு?"

"கர்ட்டன்தான். கெட்டித் துணி. ஆட்டாம கொண்டு போ, மடிப்பு கலைஞ்சிரும்."

சீக்கிரம் போனால் போதும் என்று டெஸ்ஸுக்கு இருந்தது. கூடையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் வைத்தார். பாதுகாப்பு விஷயத்தில் குறை வைக்கிற ஆள் இல்லை அவர். அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்.

ரேலீன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். கார் போய்விட்டது.

டெஸ் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார். காற்று இல்லை. தோட்டக் குழாயை இழுத்து வந்து வைத்தார். மண்வெட்டியை எடுத்துக் குவியலைச் சுற்றிப் புல்லைச் செதுக்க ஆரம்பித்தார். பாதிச் சுற்று முடிந்தது. மீதிப் பாதிக்கு முதுகு சம்மதிக்கவில்லை.

அடுத்தது, உள்ளே பார்ப்பது. குவியலை முழுக்கக் கலைத்து, ஒவ்வொரு கட்டையாகப் பக்கத்தில் மாற்றி அடுக்கி, அதற்குப் பிறகுதான் கொளுத்த வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கிடந்த குவியலில் யார் யாரோ குடியிருப்பார்கள். இதையும் டெஸ்தான் ஊருக்குச் சொன்னவர். அவர் குவியலைப் பார்த்தார். முதுகை நினைத்தார். பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார்.

"மேயரே, எடத்தைக் காலி பண்ணுங்க. இது நோட்டீஸ்."

ஒரு சிலந்தி வெளியே வந்து போயிற்று. மேயரின் காரியதரிசியாக இருக்கலாம். இன்னோர் உதை விட்டார். எதுவும் அசையவில்லை. மேயர் வெளியூர் போயிருக்கிறார் என்று டெஸ் தீர்மானித்து, தீக்குச்சியைக் கிழித்தார்.

யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் இருக்கிறது. அது பற்றுவதில்லை, பாய்கிறது. குவியல் ஒரே மூச்சில் எழுந்து நின்றது. டெஸ் அனல் தாங்காமல் பின்னால் நகர்ந்தார். நகர்ந்த காலில் ஏதோ இடறியது.

நீலத் தட்டு. அதில் அன்று காலை நறுக்கிய ஸ்ட்ராபெரி. ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

மேயர் சாப்பிட வரவில்லை. அப்படியென்றால் மேயர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் மேயர் உள்ளே தூங்குகிறார்.

டெஸ் குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினார். ஆவிதான் வந்தது. குப்பைவாரியை எடுத்துக் கட்டைகளை இழுத்தார். இரண்டு வந்தன. மூன்றாவதோடு அவருடைய புருவமும் பொசுங்கியது. "மேயரே" என்று கூப்பிட்டார். உதைத்தபோது கூப்பிட்ட குரல் இல்லை இது. தீயின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

போன வாரம் ஒரு காலையில், அவர் சமையலறையில் இருப்பது தெரியாமல், ரேலீன் மேயரிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. "டெஸ் நல்லவன்தான். மத்தவங்களுக்குச் சொல்லிச் சொல்லியே களைச்சுப் போயிடறான். வீட்டுக்கு வர்றப்ப செய்யறதுக்குத் தெம்பு இருக்கறதில்ல." அப்போது அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. இப்போது தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழத்தின் மேல் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துகளாக எடுத்துப் போட்டார். யாருக்காக என்று தெரியவில்லை.

சாயங்காலம் கார் வரும். ரேலீன் நேரே பின்படிக்குத்தான் போவார். அதற்கு என்ன சொல்வது?

குவியல் அமர்ந்து கங்காகும்வரை யோசித்தார். கங்காகும்போது யோசனை கிடைத்தது. அரணைக்கு அரணை வித்தியாசமா தெரியப்போகிறது?

அவசரமாகக் கங்கின் மேல் தண்ணீரை அடித்தார். புஸ்ஸென்று புகைந்து அடங்கியது. புறங்கையை வைத்துப் பார்த்தாரா என்றால், இல்லை. வேலியைத் தாண்டி நெவில் வீட்டுக்கு நடந்தார்.

நெவில் வராந்தாவில் உட்கார்ந்து, டெஸ் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பிக்கப் வண்டி நின்றது. அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றி, குழாயும் மாட்டியிருந்தது. தீக்காலம் நாளைக்குத்தானே என்று டெஸ் நினைத்தார். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை.

"நெவில், உன் விறகடுக்குல அரணை இருக்கா?"

"இருக்கு, ஒண்ணு. எதுக்கு?"

"எனக்கு வேணும்."

"சாப்பிடறதுக்கா?"

"வெளையாடாதப்பா. மேயர்..." டெஸ் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "மேயர் உள்ளயே இருந்துட்டார்."

நெவில் எழுந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

"உள்ள பாக்கலயா நீ?"

"பாத்தேன். கால்ல."

"ம். நெருப்பு அணைஞ்சிருச்சா?"

"அணைஞ்ச மாதிரிதான்."

"மாதிரியா?"

"அணைஞ்சிருச்சுப்பா. எங்க இருக்கு அது, சொல்லு."

"அடீல இருக்கும். அது எப்பவும் கடைசிக் கட்டைக்குக் கீழதான் படுக்கும். நான் வேணா ஒத்தாசை பண்ணுவேன், ஆனா இன்னிக்கு எனக்கு முதுகு சரியில்ல."

சொந்தக் குவியலைக் கலைக்க மறுத்த முதுகு, நெவிலின் விறகடுக்கு முழுவதையும் கலைத்தது. ஒவ்வொரு கட்டையாக. நெவில் நின்றபடியே அவ்வப்போது "அதைக் கொஞ்சம் இப்படி வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டைக்குக் கீழே அரணை இருந்தது. மேயருக்கு இருந்த பொதுவாழ்க்கைப் பண்பு எதுவும் அதற்கு இல்லை. டெஸ் கையை நீட்டியதும் கட்டைவிரலைக் கவ்வியது. கவ்வியதை விடவில்லை.

"விடச் சொல்லுப்பா."

"நான் சொன்னா கேக்காது. அது எந்தக் கட்சியும் இல்ல." நெவில் சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பினார். சிரிப்பு நின்றுபோயிற்று. "டெஸ். காத்து மாறிருச்சு."

வடக்கிலிருந்து காற்று வந்திருந்தது. சுடுகிற காற்று. டெஸ் வீட்டுப் பின்புறத்தில் புகை நிமிர்ந்து நிற்கவில்லை, படுத்து ஓடியது. செதுக்காத பாதிச் சுற்று வழியாகக் கங்கு புல்லுக்கு இறங்கிவிட்டது. புல்லில் ஒரு செம்மஞ்சள் கோடு வேலியை நோக்கி நகர்ந்தது. வேலிக்கு இந்தப் பக்கம், இன்னும் இரண்டு வாரத்தில் அறுக்கவேண்டிய நெவிலின் கோதுமை அசைந்துகொண்டிருந்தது.

நெவில் ஏற்கெனவே வண்டியில் இருந்தார். டெஸ் பின்னால் தொற்றிக்கொண்டார், விரலில் அரணையோடு. பம்பு முதல் இழுப்பிலேயே ஓடியது. ஒரு கையில் அரணை தொங்க, மறு கையால் டெஸ் குழாயைப் பிடித்து அடித்தார். தீ வேலிக்கம்பம் ஒன்றைப் பற்றியது. வேலிக்கு அடியில் நுழைந்தது. நெவில் உழுத மண்ணுக்கு வந்தது. தின்பதற்கு ஒன்றுமில்லாமல் அங்கே தயங்கியது. அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது.

தீ அணைந்தது. டெஸ் மண்டியிட்டு, கருகிய தரை முழுக்கப் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். அரணைக்கும் மனம் இரங்கியிருக்க வேண்டும். எப்போது விட்டது என்று தெரியவில்லை. வண்டியின் தொட்டிக்குக் கீழே நிழலில் படுத்திருந்தது.

"அந்தப் பட்டையை நீ நேத்து உழாம இருந்திருந்தா..." என்றார் டெஸ்.

"நானா உழுதேன்?" என்றார் நெவில். "அடுத்த வாரம் உழலாம்னு இருந்தேன்." பம்பை நிறுத்தினார். "அடுக்கைத் திரும்ப அடுக்கிக் குடுத்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ரேலீன் வந்தார். துணிக்கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மூலையில் வைத்தார். பின்கதவைத் திறந்தார். கருகிப்போன தரையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். டெஸ்ஸின் புருவம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நெருப்பு வெச்சிட்ட."

"வெச்சேன். ஆனா மேயர் பத்திரமா இருக்கார்" என்றார் டெஸ். வாளிக்கு மேலிருந்த பலகையை எடுத்தார். "முதல்லயே வெளிய எடுத்து வெச்சிட்டேன். உள்ள பாக்காம வெப்பனா நான்?"

ரேலீன் குனிந்து பார்த்தார். வாளிக்குள் இருந்தது வாயைத் திறந்து சீறியது.

"கொஞ்சம் கோவமா இருக்காரே."

"வீடு போச்சுல்ல. அந்த வருத்தம்."

"டெஸ், மேயருக்கு ஒரு விரல் இருக்காதே. இதுல எல்லாம் இருக்கு."

டெஸ் எச்சிலை விழுங்கினார். "ஸ்ட்ராபெரில சத்து ஜாஸ்தின்னு சொல்றாங்க."

ரேலீன் நிமிர்ந்தார். டெஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வந்தது திட்டு இல்லை. ரேலீனின் கை அவருடைய கன்னத்தில் பட்டது.

"நான் உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்" என்றார். "எனக்காக ஒவ்வொரு கட்டையா எடுத்துப் பாத்திருக்க. அந்த முதுகை வெச்சுக்கிட்டு. உக்காரு."

அவரை உட்காரவைத்து, ஒரு தட்டு நிறைய ஸ்ட்ராபெரி நறுக்கி, மேலே பாலேடும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தார்.

இரண்டு மாதமாக ஆசைப்பட்ட பழம். டெஸ் ஒரு துண்டை வாயில் போட்டார். அது உள்ளே போகவில்லை. காலையில் சாம்பல் படிந்து கிடந்த தட்டு கண்ணுக்குள் வந்தது. மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"ரேலீன்."

"சொல்லு, கண்ணு."

"இது மேயர் இல்ல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உதையை, தட்டை, நெவிலின் விறகை, புறங்கை வைக்காமல் போனதை. சொல்லச் சொல்லத் தலை குனிந்துகொண்டே போய், கடைசியில் பாலேட்டைத் தொட்டது. "நீ அதுகூட எவ்வளவு பேசுவ. உனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதைப்போய் நான்..."

"மேயரை விடு" என்றார் ரேலீன். குரல் மாறியிருந்தது. "எரியற நெருப்பை விட்டுட்டு எதுக்குப் போன?"

"நீ வர்றதுக்குள்ள இன்னொண்ணு கொண்டுவந்து வெச்சிரலாம்னுதான். நீ அழுவியேன்னு."

"மேயர் போயிருந்தா அழுதிருப்பேன்தான். நெவிலோட கோதுமை போயிருந்தா, அந்த மனுஷன் மூஞ்சில முழிக்க முடியாம வீட்டைக் காலி பண்ணியிருப்போம். நீ அதுல மாட்டியிருந்தா நான் யாரைத் திட்டறது?"

டெஸ் தட்டைத் தள்ளி வைத்தார். மஞ்சள் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நாளைக்குப் போய் அந்த அம்பைத் திருப்ப எனக்கு யோக்கியதை இல்ல" என்றார்.

அப்படியெல்லாம் சொல்லாதே என்று ரேலீன் மறுப்பார் எனக் கொஞ்சம் எதிர்பார்த்தார்.

"இல்லதான்" என்றார் ரேலீன். "சட்டையைக் கழட்டு. எனக்குக் காலைல வேணும்."

பிறகு எழுந்து போய் மூலையில் இருந்த துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்து, துண்டின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்கு நடுவில் முழங்கை நீளத்துக்கு ஓர் உடம்பு. முன் இடது காலில் ஒரு விரல் இல்லை. மேயர் நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவர்போலத் தலையைத் தூக்கி, டெஸ்ஸைப் பார்த்து, நாக்கை நீட்டினார்.

டெஸ்ஸுக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவருக்கே புரியவில்லை. ஒரு விரலால் மேயரின் முதுகைத் தொட்டார். சூடாக இல்லை. தொடுவதற்கு இதமாக இருந்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"ஒரே ஒரு தடவை 'வெக்கமாட்டேன்'னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். மூணு தடவை சொன்ன. அதான் நெவில்கிட்ட சொல்லி மண்ணை உழவெச்சேன், வண்டில தண்ணி ஏத்தச் சொன்னேன். தட்டைக்கூட வேணும்னேதான் வெச்சிட்டுப் போனேன். அதைப் பாத்தாவது நிறுத்துவன்னு நெனச்சேன்." ரேலீன் பெருமூச்சு விட்டார். "நான் என்னத்தச் சொல்ல. இவரைத் தூக்கிக்கிட்டுப் போய்க் கார்ல வெச்சதே நீதான். கனமா இருக்குன்னு வேற சொன்ன. பெல்ட்டு வேற போட்டுவிட்ட. உள்ள மட்டும் பாக்கல."

மறுநாள் காலை, தபால் நிலையத்து அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சள் சட்டை போட்ட ரேலீன் சாலையோரத்தில் அம்பைத் திருப்பி வைத்தார். டெஸ் அப்போது நெவில் வீட்டில், கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டைக்குக் கீழே வாளியைச் சாய்த்து, அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான அரணையைக் குடியேற்றியாகிவிட்டது. அடுத்து மேயருக்குக் கல்வீடு கட்டும் வேலையும் அவர் தலையில்தான்.

பசியோடு வீட்டுக்கு வந்தபோது சமையலறை மேஜையில் அவருக்காக ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது. டெஸ் இப்போது பாடம் கற்ற மனிதர். உட்காருவதற்கு முன், மூடியை மெல்லத் தூக்கி, குனிந்து, உள்ளே நன்றாகப் பார்த்தார்.

டின் பீச்.